மீன் பெட்டியில் வைத்த அடை

என் வாழ்நாளில் நான் கோழியாகக் குரல் கொடுத்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் என் மனைவியிடம், கைபேசியில், அவள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க. கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். பொய் சொல்லத் தொடங்கிய மனிதனுக்குப் பதவியும் பட்டமும் நினைவில் இருப்பதில்லை. முதல் பொய்க்கு வாய் மட்டும் போதும். நான்காவது பொய்க்கு வரும்போது தொண்டையையும் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு கோவில்பட்டியில், ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. கோடையில் சுவரோரம் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தப் பின்வாசலில் என் மனைவி செண்பகவல்லி கோழி வளர்த்தாள். (நான் வளர்த்தேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் பங்கு முட்டையைச் சாப்பிடுவதோடு சரி.)

அவள் பிறந்தது நாகலாபுரத்துப் பக்கம் ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு அண்ணன்மார் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பயிர் செய்த காடு இருந்த இடத்தில் இப்போது சூரிய மின்தகடுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. வீட்டை விற்றுச் சாவி கைமாறிய அன்று, "உனக்கு வேணுங்கிறதை எடுத்துக்கம்மா" என்றார் பெரிய அண்ணன். வேறு யாராக இருந்தாலும் பித்தளை அண்டாவைப் பார்த்திருப்பார்கள். செண்பகம் நேராகப் பின்வாசலுக்குப் போய், அம்மா வளர்த்த கோழிகளில் இரண்டைப் பிடித்துக் கூடையில் போட்டு, பழைய சேலைத் துணியால் மூடி, பஸ் ஏறிவிட்டாள்.

"கோழிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டாக்கா?" என்று கண்டக்டர் கிண்டல் செய்தாராம்.

"மடியில உக்காந்து வார பிள்ளைக்கு ஏது தம்பி டிக்கெட்டு?" என்றாளாம் இவள்.

அன்றிலிருந்து அந்தக் கோழிகள் எங்கள் வீட்டில் பெருகின, குறைந்தன, மீண்டும் பெருகின. நண்பர்களிடம் பீற்றிக்கொள்வதற்கு எனக்கு என் பட்டங்கள் இருப்பதுபோல, அவளுக்கு அந்தக் கோழிகள். விருந்தாளி வந்தால், "இது எங்கம்மா வீட்டுக் கோழி" என்றுதான் தொடங்குவாள். ஒரு மழைக்காலத்தில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து கூண்டையே காலி செய்துவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் செம்பட்டை. பெயர் சாம்பலி. பக்கத்து வீட்டு ராஜாத்தியின் சேவல் தயவில் சாம்பலி முட்டை வைக்கத் தொடங்கியதும், செண்பகம் ஒன்றைக்கூட எனக்கு அவித்துத் தரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து, கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, அடைக்கு வைத்தாள்.

சாம்பலி அடையில் உட்கார்ந்த அந்த வாரம்தான் சென்னையிலிருந்து எங்கள் மகள் வேணி அழைத்தாள். மணமாகி ஆறேழு ஆண்டுகள் கழித்து அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மசக்கை தாங்கவில்லை, தண்ணீர் குடித்தாலும் வாந்தி என்று அழுதாள். செண்பகம் அன்றே பெட்டி கட்டினாள். ரயிலடியில் வைத்து என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"கேஸை மூடுனா மூடுங்க, மூடாட்டி போங்க. கோழிக் கூண்டுக் கொக்கியை மட்டும் மாட்டிருங்க. குஞ்சு பொரிக்கிற அன்னைக்கு நான் வந்துருவேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

அவள் என் சட்டைப் பொத்தானைச் சரியாக மாட்டிவிட்டு ரயிலில் ஏறினாள்.

கொக்கியை நான் மாட்டாமல் விட்டது ஒரு மதிய நேரத்தில். சாம்பலிக்குக் கம்பும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தேன்; அப்போது பழைய மாணவன் ஒருவன் கைபேசியில் அழைத்தான்; அவன் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தான். புகழ்ச்சியை நின்றுகொண்டு கேட்க முடியாதே, உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து கேட்டேன். கேட்டபடியே தூங்கியும் போனேன். விழித்துப் போய்ப் பார்த்தபோது கூண்டுக் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சுவர் வரைக்கும் சாம்பல் நிற இறகுகள். கீரிப்பிள்ளை.

கூடையில் முட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது. அந்தச் சூட்டை இப்போதும் என் உள்ளங்கை அறியும்.

அந்த நேரத்தில் நேர்மையான மனிதன் மனைவியை அழைத்து நடந்ததைச் சொல்லியிருப்பான். நான் இயற்பியல் படித்தவன். சூடு, ஈரம், காற்று. கோழி என்பது இந்த மூன்றும்தானே என்று தோன்றிவிட்டது. சாம்பலி இல்லாமலே குஞ்சுகளைப் பொரிக்க வைத்து, செண்பகம் வந்து இறங்கும்போது தட்டு நிறையக் குஞ்சுகளை நீட்டி, 'கோழி போயிருச்சு, ஆனா இந்தா பாரு' என்று சொல்வதாக ஒரு காட்சியை மனத்தில் ஓட்டினேன். அந்தக் காட்சியில் நான் மிகவும் பெருந்தன்மையாக இருந்தேன்.

மீன் கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்தேன். தூத்துக்குடியிலிருந்து சாளை மீன் வந்து இறங்கிய பெட்டி. எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. மூடியில் ஓட்டை போட்டு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கல்லூரி ஆய்வகத்தார் பிரிவு உபசார விழாவில் கொடுத்த வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகினேன். (முப்பது வருட உழைப்புக்குக் கிடைத்த பரிசு அது. அன்றுதான் முதல் முறையாகப் பயன்பட்டது.) பெட்டி செய்யும் முறையைக் கைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்த வீடியோவுக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது: 'முட்டையை வெளிச்சத்தில் பார்ப்பது எப்படி?' அதை நான் பார்க்கவில்லை. எனக்கா? முட்டையை வெளிச்சத்தில் பார்க்க எனக்கா சொல்லித் தருவது?

ஏன் அந்தத் திமிர் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்கள் உமிக்கூடையில் முட்டை கொண்டுவருவார்கள். ஒரு தகரப் பெட்டிக்குள் பல்பு எரியும். பெட்டியில் முட்டை அளவு ஓட்டை. ஓட்டையில் முட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே வெளிச்சம் பளிச்சென்று பரவினால் நல்ல முட்டை. இருட்டடித்தால் கூமுட்டை, கெட்டுப்போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு கூமுட்டைகூட என்னைத் தாண்டி விற்பனைக்குப் போனதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளை கற்றது அது. சாப்பிடும் முட்டைக்கு உரிய பாடம். அடை முட்டைக்கு அந்தப் பாடம் தலைகீழ் என்பதைச் சொல்ல எங்கள் கடையில் ஆள் இல்லை. காட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள் ஒருத்தியை நான் கட்டியிருந்தேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சாம்பலி செத்தது தெரிந்துவிடுமே.

முட்டைகளுக்கு ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கலும் பென்சிலால் போட்டேன். நாளுக்கு மூன்று முறை புரட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவேன். இடையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. வயிறு சரியில்லை என்று போகவில்லை. சாளை வாடைக்குத் தெருப்பூனைகள் எல்லாம் சன்னலில் வந்து உட்கார்ந்தன. நான் கம்பை வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். பதறிப்போய்ச் செண்பகத்தின் நூல் சேலை ஒன்றை எடுத்து முட்டைகளைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு வெப்பமானியைப் பார்த்தால், எங்கள் முன்னறையின் சூடும் அடைக்கோழியின் சூடும் ஏறக்குறைய ஒன்று. சித்திரை மாதத்துக் கோவில்பட்டியில் பல்பே தேவையில்லை போலிருக்கிறது. ஆனாலும் சேலையை மடியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. மின்சாரம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வேணி செண்பகத்தின் வயிற்றில் இருந்தபோது எனக்கு வேலை வெகுதூரத்து ஊரில். பிறந்த செய்தி தந்தியாக வந்தது. ஓர் உயிருக்காகப் பக்கத்தில் இருந்து காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது இந்த மீன் பெட்டியின் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

செண்பகம் தினமும் மாலையில் அழைப்பாள்.

"ஏங்க, சாம்பலி அடையில கெடக்காளா?"

"கெடக்கா."

"எரை எடுக்க எறங்குதாளா?"

"எறங்குதா, ஏறுதா. எல்லாம் செய்யுதா."

"படம் எடுத்து அனுப்புங்களேன்."

"கேமராவைக் கண்டா மிரளுதா. அடையை விட்டு எந்திரிச்சுட்டா என்ன செய்யுறது?"

"சரி, போனைக் கூண்டுகிட்ட கொண்டு போங்க. சத்தத்தையாவது கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

நான் கைபேசியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். காலிக் கூண்டின் முன்னால் நின்றேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். அடைக்கோழி தொண்டைக்குள்ளேயே உருட்டுமே, அந்தச் சத்தத்தை என்னால் முடிந்த அளவு கொடுத்தேன். "கொர்ர்ர்... கொர்ர்க்... கொர்ர்ர்."



"தொண்டை கட்டியிருக்கும் போலயே" என்றாள் செண்பகம். "மிளகு தட்டிப் போட்டு வென்னி குடிக்கச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். கோழிக்கு மிளகு கொடுக்கலாமா என்று நான் உண்மையாகவே யோசித்துக்கொண்டு நின்றேன்.

பொரிக்கும் நாள் நெருங்கியது. மறுநாள் காலை ரயிலில் வருகிறேன் என்று செண்பகம் சொல்லிவிட்டாள். அன்று எனக்குள் இருந்த கடைக்காரர் மகன் விழித்துக்கொண்டான். கூடையில் ஒரு கூமுட்டை வெடித்தால் மற்ற முட்டையும் கெடும் என்று அப்பா சொல்வார். கூமுட்டை ஏதாவது இருந்தால் இப்போதே எடுத்துவிட வேண்டும்.

உச்சிவெயிலில் சன்னலை எல்லாம் சாத்தி, இருட்டு போதாமல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அட்டைச் சுருளின் ஒரு முனையில் கைபேசி விளக்கையும் மறுமுனையில் முட்டையையும் வைத்துப் பார்த்தேன். வியர்வை கண்ணில் வழிந்தது.

முதல் முட்டை கறுப்பு. அகலமான முனையில் மட்டும் கோணலாகக் கொஞ்சம் வெளிச்சம். மீதி முழுக்க இருட்டு.

இரண்டாவது கறுப்பு. மூன்றாவதும் கறுப்பு. நான்காவதில், கறுப்புக்குள் ஏதோ அசைந்தது. கூமுட்டை குலுங்கும். அதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான்.

மொத்த முட்டையிலும் மூன்றே மூன்றுதான் பளிச்சென்று எரிந்தன. என்ன அழகு! மஞ்சள் வெயிலை உருட்டி வைத்தாற்போல. அந்த மூன்றையும் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தேன். மற்றதை எல்லாம் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம், தெருக்காரர்கள் குப்பை கொட்டும் தரிசில், முள்ளடர்ந்த உடைமர நிழலில் வைத்தேன். எறியவில்லை, வைத்தேன். இத்தனை நாள் புரட்டிய கை, எறிய வரவில்லை. "மன்னிச்சுக்கிடுங்க" என்று சொன்னதாகவும் ஞாபகம். மூன்று குஞ்சாவது மிஞ்சுமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை செண்பகம் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கிப் பையைக்கூட வைக்கவில்லை.

"மீன் பெட்டி எங்கன இருக்கு?" என்றாள்.

"உனக்கு... எப்படி?"

"சாம்பலியைக் கீரி தூக்குன அன்னைக்கே ராஜாத்தி சொல்லிட்டா. அப்புறம் நீங்க வேற கொக்கரிச்சீங்க." அவள் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "கோழி போச்சு. சரி. முட்டையைக் கண்ணுல வச்சுப் பாக்குதாவ, பகலெல்லாம் பூனைக்குக் காவல் இருக்காவன்னு அவ சொன்னப்ப, இந்த மனுசனுக்கு இம்புட்டு அக்கறையான்னு மனசு குளுந்துபோச்சு. அதான் ஒண்ணும் கேக்கல. எங்க, பாப்போம்."

மூடியைத் திறந்தாள். பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"மத்தது எங்க?"

"அதெல்லாம் கூமுட்டை. எடுத்துட்டேன்."

"கூமுட்டைன்னு யாரு சொன்னா?"

"வெளிச்சத்துல பாத்தேன். ஒரே கறுப்பு. இந்த மூணுலதான் வெளிச்சம் போச்சு."

அவள் அந்த மூன்றில் ஒன்றை எடுத்துச் சன்னல் வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். கை இறங்கியது.

"இதுல ஒண்ணுமே இல்ல. இதுதாங்க கூமுட்டை." பிறகு என்னைப் பார்த்து, உரக்கக்கூட இல்லாமல் கேட்டாள்: "குஞ்சு நெறஞ்சு கெடந்தா வெளிச்சம் எப்படிங்க உள்ள போவும்?"

ஒளி எதில் ஊடுருவும், எதில் ஊடுருவாது என்று கரும்பலகையில் படம் போட்டுப் பல்லாயிரம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அன்று காலைதான் தெரிந்தது.

அவள் ஓடினாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. நான் பின்னால் ஓடினேன். உடைமரத்தின் மேல் காக்கைகள். கீழே செய்தித்தாள் கிழிந்து கிடந்தது. ஓடுகளில் என் பென்சில் வட்டங்கள். பாதி முட்டைகளுக்கு மேல் காக்கைகளும் நாய்களும் முடித்துவிட்டிருந்தன. மீதியில் அசைவே இல்லை. ஒன்றில் மட்டும் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டைக்குள்ளிருந்து சின்னக் குரல் கேட்டது. செண்பகம் அதை எடுத்து இடுப்புச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டாள்.

அந்தக் குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. சாம்பல் நிறம்தான். சாயங்காலம் வரை உயிரோடு இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. செண்பகத்தின் திட்டில் வளர்ந்தவன் நான். மணமான நாள்முதல் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கும், தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்கியதற்கும், வந்தவர்களிடம் வாய் ஓயாமல் பேசியதற்கும் விதம்விதமாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு நாளாவது வீடு அமைதியாக இருக்காதா என்று நினைத்ததுண்டு. இப்போது இருந்தது.

"காப்பி இருக்கு." "தண்ணி வந்திருக்கு." "சோறு எடுத்து வச்சிருக்கு." எல்லாம் இப்படித்தான். யார் வைத்தது, யாருக்கு வைத்தது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் கிடையாது. 'ஏங்க' என்ற சொல் எங்கள் வீட்டை விட்டே போய்விட்டது. மூன்று எழுத்து, உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாகச் சேர்ந்து, ஒரு மனிதனை எப்படித் தாங்கியிருக்கிறது என்று நான் அதற்குமுன் எண்ணியதில்லை. நான் வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். எடுத்துக் கொடியில் காயப் போட்டாள். விளக்கை எரியவிட்டேன். அணைத்தாள். முற்றிய வெண்டைக்காயாகப் பொறுக்கி வாங்கி வந்தேன் (அதற்கும் கொஞ்சம் திறமை வேண்டும்). ஒன்றும் சொல்லாமல் சாம்பார் வைத்தாள். நாரை மென்றுகொண்டே நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் காலிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் புதூர் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு (ஆம், இன்னொன்று), ஒரு கூடையோடு அவள் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். அவளுடைய அம்மா யாருக்காவது குஞ்சு கொடுத்திருப்பார், அதன் வாரிசு ஏதாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. முந்தின இரவு மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, அடிக்கு அடி நான் உயரமானேன். பழைய வீட்டுக்கு எதிரே ஆடு கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் விவரம் சொன்னேன்.

"செண்பகம் மாப்பிள்ளையா நீங்க?" என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவிய அம்மா வச்சிருந்த கோழியா? எனக்கும் ரெண்டு குஞ்சு குடுத்தாவ. சீக்குல எல்லாம் போச்சே. இப்ப எங்க பாத்தாலும் பண்ணைக் கோழி." பிறகு குரலைத் தாழ்த்தி, "செண்பகத்துகிட்ட ரெண்டு உருப்படி போச்சே, அது இருக்கும்லா?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

வெறும் கூடையோடு திரும்பி வந்தேன். அவள் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை பார்த்தால், என் செருப்பிலிருந்த கரிசல் மண் கழுவப்பட்டு, செருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மண்ணைப் பார்த்தால் எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியும். அன்று காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல். பேச்சு மட்டும் வரவில்லை.

ஐந்தாம் மாதத்தில் வேணியும் மாப்பிள்ளையும் கோயிலுக்கு வேண்டுதல் என்று ஊருக்கு வந்தார்கள். மசக்கை விட்டு முகம் தெளிந்திருந்தது. வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்தாள்.

"அம்மா, ஸ்கேன் எடுத்தது. எல்லாம் நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பாரேன்."

செண்பகம் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படத்தைக் கையில் வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். படம் முழுக்கக் கறுப்பு. நடுவில் புகை போல ஏதோ வளைந்து கிடந்தது. தலை எது, கால் எது என்று வேணி விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, செண்பகம் தலையாட்டினாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. கேட்கத் துணிவில்லை.

வேணி என்னைக் கவனித்தாள். "அப்பாட்டயும் குடும்மா. அப்பா, சன்னல்கிட்ட வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, நல்லாத் தெரியும்."

நான் கையை நீட்டினேன். செண்பகம் சட்டென்று படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, இவியட்டயா குடுக்கச் சொல்லுத? வெளிச்சத்துல பாத்துட்டுக் கறுப்பா இருக்குன்னு எம்பேரப்பிள்ளையையும் உடைமரத்தடியில கொண்டு வச்சுட்டு வந்துருவாவ!"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார் (அவருக்குக் கதையை வேணி ஏற்கனவே சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது). பிறகு வேணி. பிறகு செண்பகமே, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அது சிரிப்பின் கண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வேணிக்கும் தெரிந்தது. அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா வீட்டுல இருந்து உசுரோட வந்தது அது ஒண்ணுதானட்டீ" என்றாள் செண்பகம்.

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். "செண்பகம், என்னைத் திட்டு" என்றேன்.

"கூமுட்டை" என்றாள். "கோழி மாதிரி கத்தவாவது ஒழுங்காத் தெரியுதா உங்களுக்கு? அடைக்கோழி அப்படியாங்க கத்தும்?"

எங்கள் வீட்டுக் கூண்டில் அதற்குப் பிறகு கோழி இல்லை. ராஜாத்தி இரண்டு குஞ்சு தருகிறேன் என்றாள். செண்பகம் வேண்டாம் என்றுவிட்டாள். கூண்டை விறகுக்குப் போடவும் அவள் சம்மதிக்கவில்லை. சில மாலைகளில் அதன் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்கிறாள். அவளை உள்ளே அழைக்க எனக்கு வாய் வராது.

பேத்தி பிறந்து இப்போது நடக்கிறாள். என் நெஞ்சு எக்ஸ்ரேயைப் போன மாதம் டாக்டர் விளக்கில் மாட்டியபோது, "டாக்டர், இவிய பாக்கட்டுமா, எது நல்லது எது கெட்டதுன்னு பிரிச்சுக் குடுத்துருவாவ" என்று செண்பகம் சொல்லி, அந்த அறையே சிரித்தது. மின்சாரக் கட்டண ரசீதை வாசிக்கச் சன்னல் பக்கம் கொண்டுபோனாலும் விடுவதில்லை. உறவுக்காரர்கள் வீட்டிலும் கதை பரவிவிட்டது. விசேஷ வீட்டில் எனக்கு முட்டை பரிமாறுகிறவர்கள், "பெரியப்பா, பாத்துட்டே சாப்பிடுங்க" என்கிறார்கள்.

எதையும் வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள்; அப்படியில்லை. என் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. கையில் கிடைக்கும் தாளை எல்லாம் நான் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பது, பக்கத்து அறையிலிருந்து அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, என்ன செய்யுதீங்க அங்கன?" என்று சத்தம் போடுவாள் என்பதற்காக.